தாய்லாந்து முழுக்க எங்கள் வீட்டு அட்ரஸ்

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது எங்கள் பேட்டைத் தபால்காரரைவிடத் தாய்லாந்தில் சுற்றுகிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். காரணம் ஒரே ஆள். அப்பா அம்மா வைத்த பெயர் அவனுக்கு ஒன்று இருந்தது. நாங்கள் 'அட்ரஸ்' என்றுதான் கூப்பிட்டோம்.

நான் மோரி அவென்யூவில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர். கரூர்ப் பக்கம். படிப்பு பத்தாவது. அட்ரஸும் பாலாவும் கம்ப்யூட்டர் வேலை. மூன்று பேரும் ஒரே அப்பார்ட்மென்ட். அறைகள் அவர்களுக்கு, ஹால் எனக்கு. புது ஆள் யாராவது வந்தால் நான் சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இங்கிலீஷ் தெரியாதது பிற்பாடு கிடைத்த நல்ல சாக்கு.

இரண்டாயிரமாவது வருஷம் அட்ரஸ் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் பெண் பார்க்கக் கிளம்பினான். பாங்காக்கில் விமானம் மாற வேண்டும். மாறவில்லை. வெளியே போய், முதுகில் மாட்டுகிற பை ஒன்று வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு நாள் ரயில், பஸ், படகு என்று சுற்றிவிட்டான். சென்னையில் பெண் வீட்டார் இரண்டு தடவை பஜ்ஜி சுட்டு ஆறவைத்தார்களாம்.

"ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று, திரும்பி வந்தவனைப் பாலா கேட்டான்.

"பக்கத்து சீட்காரன் இறங்கினான்டா. பேசிக்கிட்டே நானும் இறங்கிட்டேன்."

ஒருவரை விட்டுப் பிரியும்போது, "வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்று நாம் எல்லோரும் சொல்வோம். வரமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் சொல்கிறோம். அட்ரஸுக்கு அந்த விஷயம் தெரியாது. வழியில் சிநேகமான ஒவ்வொருவருக்கும் எங்கள் முகவரியைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். வெள்ளைக்காரர்களுக்கும் அந்த விஷயம் தெரியாது. வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவர் ஜெர்மன்காரர். நான் கதவைத் திறந்தேன், அண்ணாந்து பார்த்தேன், சாத்திவிட்டேன். உடனே அட்ரஸின் ஆபீசுக்குப் போன்.

"தம்பி, வாசல்ல ஒருத்தர் நிக்கறாருங்க. முதுகுல ஒரு குடும்பத்துச் சாமானே இருக்குது."

"மஞ்ச முடியா மாஸ்டர்? உயரமா? அய்யோ, அவன் நம்ம ஆளு! தீவுக்குப் போறப்ப ரெண்டு பேரும் ஒரே கவர்ல வாந்தி எடுத்தோம். உள்ள கூப்பிடுங்க!"

"நான் கதவச் சாத்திட்டனே."

"திறங்க மாஸ்டர். திறந்தா போதும், அவங்களே உள்ள வந்துருவாங்க."

அதற்குப் பிறகு ஓர் ஆஸ்திரேலிய ஜோடி. காட்டில் இவன் காலில் ஒட்டிய அட்டையை அவர்களும், அவர்கள் காலில் ஒட்டியதை இவனும் பிடுங்கிப் போட்டதில் வந்த உறவு. அடுத்து ஒரு ஜப்பான் பெண். இவனோடு சேர்ந்து ஒரே பஸ்ஸை இரண்டு நாள் தவறவிட்டவள். அவள் என் தோசைக்கல்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

"இது வீடாடா, பஸ் ஸ்டாண்டாடா?" என்று பாலா கத்தினான்.

"எதுவா இருந்தா என்னடா? வர்றவங்களுக்கு டீ கிடைக்கணும். மாஸ்டர், இன்னும் நாலு தோசை!"

நான் தோசையைச் சுட்டு அவனிடம் கொடுத்தனுப்புவேன். வெளியே போக மாட்டேன். வந்தவர்களின் முகத்தைவிட, வாசலில் விட்ட பூட்ஸ்தான் எனக்குப் பழக்கம்.

ஆனால் அவன் நிஜமாகவே காத்திருந்தது ஒருவருக்காகத்தான். டாரத்தி ஆன்ட்டி. கனடாவில் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். சியாங் மாயில் ஒரு விடுதியில் இவன் காய்ச்சலில் படுத்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்த அம்மாள் தன் பயணத்தை நிறுத்திவிட்டு, நாலு நாள் கஞ்சி வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். பெயரைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லையாம்.

"ஆன்ட்டி வந்தா கஞ்சிதான் மாஸ்டர். நம்ம ஊர்க் கஞ்சி. துவையலோட."

அடுத்த வருஷம் அவரிடமிருந்து கார்டு வந்தது. அக்டோபரில் வருகிறாராம். அட்ரஸ் அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினான். ஆகஸ்டில் அவனுக்கு வேலை போயிற்று. வேறு கம்பெனி கிடைக்கவில்லை. வேலை இல்லாவிட்டால் விசா இல்லை, விசா போனால் ஊருக்குத்தான்.

கிளம்புகிற அன்று வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையை மாட்டிக்கொண்டு கார்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாஸ்டர், அக்டோபர்ல நீங்க இங்க இருப்பீங்கல்ல?"

"இருப்பேன் தம்பி. ஆனா எனக்குப் பேச வராதே."

"பேச வேணாம். கதவு பூட்டியிருந்தா மட்டும் மனசு கஷ்டப்படுவாங்க."

செப்டம்பரில் பாலாவும் டெக்சாஸுக்குப் போனான். நம்பர் தருவதாகச் சொன்னான், தரவில்லை. போன் அவன் பெயரில் இருந்ததால் அதுவும் போயிற்று. ஓட்டல் முதலாளி, "பின்னாடி ரூம் சும்மாத்தான கிடக்கு, வந்துடுங்க மாஸ்டர்" என்றார். அக்டோபர் போகட்டும் என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு ஓட்டல் லீவு, கதவு தட்டப்பட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். நரைத்த தலை, தொப்பி, முதுகில் பை, கையில் கசங்கிய துண்டுத்தாள். என் கால் தானாகச் சமையலறைக்குப் போயிற்று. குழாயைத் திறந்து, கழுவி வைத்த தட்டைக் கழுவ ஆரம்பித்தேன். மறுபடி தட்டினார், முன்னைவிட மெதுவாக. குழாயை மூடிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

"வாங்க" என்றேன், தமிழில். அவன் சொன்னது சரி. அவரே உள்ளே வந்துவிட்டார்.

கஞ்சி வைத்தேன். எதிரே உட்கார்ந்து நானும் குடித்தேன். துண்டுத்தாளில் இருந்த அவன் பெயரைக் காட்டி, எங்கே என்று கேட்டார். கையை விமானம் மாதிரி பறக்கவிட்டு, "இந்தியா" என்றேன். மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து, அவன் அட்ரஸை எழுதித் தரச் சொன்னார்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் அட்ரஸ் கொடுத்தவனிடம் நான் அட்ரஸ் வாங்கி வைக்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவனிடம் யார் கேட்பார்கள்? அவனாகவும் எழுத மாட்டான். அட்ரஸைத் தவிர அவன் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. கடைசியில் எங்கள் வீட்டு அட்ரஸையே அந்த நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

முதலாளி இன்னும் அந்த ரூமைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மாறவில்லை. அவனிடம் இருக்கிற என் அட்ரஸ் இது ஒன்றுதான்.