ஏழாம் விதியும் ஆடுகிற ஸ்டூலும்

"கம்ப்யூட்டர் சொல்றபடி பார்த்தா, நீ இந்தக் காலேஜ்ல மேல்படிப்புப் படிக்கவே இல்லம்மா" என்றார் கவுன்ட்டர் அம்மா.

வாண்டு திடுக்கிட்டு முன்னால் குனிந்தாள். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் இடது பக்கம் 'டக்' என்று சாய்ந்தது. நிமிர்ந்தாள். வலது பக்கம் 'டக்' என்றது.

"படிக்கிறேனே மேடம்! காலையில கூட வகுப்புக்குப் போனேன்."

"மரவேலை வகுப்புக்குப் போன. அது டிப்ளமோ. உனக்கு விசா கொடுத்தது தரவு அறிவியல் முதுகலைக்கு. மேல் படியிலேருந்து கீழ் படிக்கு இறங்கினா பழைய விசா செல்லாது. இறங்குறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். ஏழாம் விதி."

ஏழாம் விதியைக் கவுன்ட்டர் அம்மா பார்க்காமலே ஒப்பித்தார். முப்பது வருடமாக அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தின் அதே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு யார் பெயரும் மனதில் நிற்காது. முகம் மட்டும் மறக்காது. அதனால் மாணவர்களைப் படிப்பின் பெயரால்தான் கூப்பிடுவார்.

"இருபத்தெட்டு நாள் இருக்கு, மரவேலை. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா பெட்டியக் கட்டு."

வாண்டு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். இருபத்து மூன்று வயதாகி, விமானம் ஏறி வந்த பிறகும் அது அவளை விடவில்லை. தரவு அறிவியலை அவள் தேர்ந்தெடுக்கவில்லை, மாமா தேர்ந்தெடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. குடும்பத்தில் முதன்முதலாக வெளிநாடு போய்ப் படித்தவர், அதுவும் இதே கல்லூரியில். கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக அவர் நிற்கும் படம் இன்னும் வாண்டுவின் வீட்டு ஹாலில் தொங்குகிறது. என்ன பட்டம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அப்படிக் கேட்கத் தோன்றாது.

கிளம்புகிற அன்று மாமா சொல்லி அனுப்பினார்: "அந்தக் காலேஜ்ல என் தடம் இன்னும் அழியாம இருக்கும். ஆனா ஒண்ணு, அங்க போய் என் பேரை மட்டும் எடுக்காதே. சலுகை கேக்குறது நம்ம குடும்பத்துக்கே பிடிக்காது. உன் சொந்தக் கால்ல நில்லு."

என்ன பெருந்தன்மை என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா தலையாட்டினார். விசாவுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டதும் மாமாதான். படிவம் நிரப்புகிற வித்தை அந்தக் குடும்பத்தில் அவருக்குத்தான் தெரியும்.

வாண்டு இரண்டு மாதம் தரவுகளோடு மல்லுக்கட்டினாள். ஒருநாள் வழி தவறிப் பட்டறைக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். அங்கே ஒரு பெண் இழைப்புளியைத் தள்ள, மரச்சீவல் சுருள் சுருளாக வந்து விழுந்தது. வாண்டு அங்கேயே நின்றுவிட்டாள். மறுநாளும் போய் நின்றாள். மூன்றாம் நாள் கல்லூரி இணையதளத்தைத் திறந்து 'பாடம் மாற்று' என்பதை அமுக்கினாள். நிச்சயமா என்று அது கேட்டது. நிச்சயம் என்றாள். கீழே எட்டுப் பக்கத்துக்கு விதிகள் இருந்தன. அவற்றை யார் படிக்கிறார்கள்?

இப்போது இருபத்தெட்டு நாள் என்கிறார்கள்.

"பழையபடி தரவுக்கே மாறிடு, விஷயம் முடிஞ்சுது" என்றாள் அறைத்தோழி. நர்சிங் படிக்கிறவள். எந்த நோய்க்கும் உடனே மருந்து சொல்லிவிடுவாள்.

வாண்டு மனதைக் கல்லாக்கிக்கொண்டு மரவேலையிலிருந்து விலகும் பொத்தானை அமுக்கினாள். பிறகு தரவு அறிவியலில் சேரும் பொத்தானை அமுக்கினாள். 'இடம் நிரம்பிவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தொன்றாவது' என்று வந்தது. பதறிப்போய் மரவேலைக்குத் திரும்பினாள். அங்கேயும் அவள் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. காத்திருப்போரில் இரண்டாவது.

"இப்ப நீ எதுவுமே படிக்கல" என்றார் கவுன்ட்டர் அம்மா, கொஞ்சம் வியப்போடு. "முன்னாடியாவது தப்பான ஒண்ணைப் படிச்சிட்டிருந்த."

டக், என்றது ஸ்டூல்.

"மேடம், இந்த ஸ்டூலுக்கு ஒரு கால் அரை விரல் குட்டை. ஒரு உளி கொடுத்தீங்கன்னா..."

"முதல்ல உன் காலை ஊனிக்கோ. அப்புறம் ஸ்டூல் காலைப் பார்க்கலாம்."

அறைத்தோழி அடுத்த மருந்தை எடுத்தாள். "முதுகலையில எது காலியா இருக்கோ அதுல சேர்ந்துடு. விசாவுக்கு முதுகலைதானே வேணும்? என்ன படிப்புன்னு அது கேக்கவா போகுது?"

தேடினார்கள். கல்லூரி முழுவதிலும் ஒரே ஒரு முதுகலையில்தான் இடம் இருந்தது. கடற்பாசி ஆராய்ச்சி. பதினைந்து இடம், பதினைந்தும் காலி. வாண்டு கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்தாள். ஐந்து நிமிடத்தில் வாழ்த்துக் கடிதம் வந்தது. கடற்பாசித் துறை இருப்பது கடற்கரை ஊரில், ஆறு மணி நேரப் பயணத் தொலைவில். ஆகவே இங்கே அவளுடைய விடுதி அறை ரத்து. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்து படகுத்துறையில் நிற்கவும். நீச்சல் சான்றிதழ் அவசியம்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று அறைத்தோழி மெல்லக் கேட்டாள்.

"வாளித் தண்ணி முகத்துல பட்டாலே எனக்கு மூச்சு முட்டும்டி."

கடற்பாசியிலிருந்து விலக உத்தரவாதம் தந்தவரின் ஒப்புதல் வேண்டுமாம். வேறு வழியில்லாமல் வாண்டு மாமாவுக்குப் போன் போட்டாள். உண்மையைச் சொல்லத்தான் நினைத்தாள். "என்னடி, தரவெல்லாம் எப்படி இருக்கு?" என்ற கம்பீரக் குரலைக் கேட்டதும் வாயில் பொய்தான் வந்தது.

"நல்லா இருக்கு மாமா. என்னவோ கம்ப்யூட்டர் குழப்பம். என் கோர்ஸ் பேரு தானா மாறி மாறிக் காட்டுது."

"தானாவா? கம்ப்யூட்டர்ல தானா எதுவும் மாறாதுடி. யாரோ உள்ள பூந்திருக்கான்! நீ பயப்படாதே, நான் பார்த்துக்கறேன்."

"ஐயோ, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் மாமா..."

அதற்குள் மாமா போனை வைத்துவிட்டார். அன்றைக்கே கல்லூரியின் கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு நான்கு பக்கக் கடிதம் அனுப்பினார். என் அக்கா மகள் உயிரே போனாலும் பாடம் மாற மாட்டாள், பாதியில் விடுவது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது, இது விஷமிகளின் வேலை, உடனே விசாரணை நடத்துக. விசாரணை உடனே நடந்தது. வாண்டுவின் கணக்கை முடக்கினார்கள். அதோடு நூலக அட்டை, விடுதிக் கதவுச் சாவி, துணி துவைக்கிற மெஷின் எல்லாம் அவளைத் தெரியாதென்று கைவிரித்துவிட்டன.

இருபத்தெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணிக்குத் துவைக்காத சட்டையோடு வாண்டு கவுன்ட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அலுவலகம் நான்கு மணிக்கு மூடிவிடும்.

"வாம்மா பாசி" என்றார் கவுன்ட்டர் அம்மா.

அவ்வளவுதான், வாண்டு அழுதுவிட்டாள். ஸ்டூலும் கூடச் சேர்ந்து டக் டக்கென்று ஆடியது.

கவுன்ட்டர் அம்மா ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். "சரி, விளையாட்டை விடு. உண்மையைச் சொல்லு. உனக்கு என்ன படிக்கணும்?"

வாண்டு மூக்கை உறிஞ்சினாள். "மரவேலை மேடம். ஒரு கட்டையில துளை போட்டு, இன்னொரு கட்டையோட முனையை அதுக்கேத்த மாதிரி செதுக்கி, ரெண்டையும் சேர்த்தேன். ஆணி இல்ல, பசை இல்ல. மெல்லத் தட்டினேன், உள்ள போய் உக்காந்துக்கிச்சு. வாழ்க்கையில நான் செஞ்சது ஒண்ணு சரியா பொருந்தினது அன்னிக்குத்தான். எனக்கு அதை விட மனசில்ல."

கவுன்ட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "மரவேலையில காத்திருந்த ரெண்டு பேர்ல முதல் ஆள் நேத்து வேற காலேஜுக்குப் போயிட்டான். வகுப்புல ஒரு இடம் இன்னிக்குக் காலையில காலியாச்சு. அதை உனக்குப் போடுறேன். பாசி தானா கழண்டுடும். புது விசாவுக்கு இன்னிக்கே மனு போட்டுட்டா நாள் கணக்கு நின்னுடும், அது வர்ற வரைக்கும் நீ இங்கயே இருக்கலாம். ஆனா ஒண்ணு பாக்கி. உத்தரவாதம் கொடுத்தவர் என் முன்னாடி வீடியோவுல வந்து, இந்த மாற்றத்துக்குச் சம்மதம்னு தன் வாயால சொல்லணும். நாலு மணிக்குள்ள."

வாண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கடிக்கப் பதினாறு நிமிடம். போனை எடுத்து மாமாவை வீடியோவில் கூப்பிட்டாள்.

திரையில் மாமா வந்தார். அக்கா வீட்டு ஹாலில்தான் இருந்தார். பக்கத்தில் அம்மா, பின்னால் சுவரில் அங்கி போட்ட படம்.

"என்னடி, விஷமியப் புடிச்சாங்களா?"

"நான்தான் மாமா அந்த விஷமி" என்றாள் வாண்டு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். தரவை விட்டது, மரவேலையில் சேர்ந்தது, பாசியில் விழுந்தது, நான்கு மணிக் கெடு.

மாமா வெடித்தார்.

"தச்சு வேலையா! ஸ்டூல் செய்யறதுக்கா உன்னை ஏரோப்ளேன்ல ஏத்தி அனுப்பினோம்? ஒண்ணைத் தொட்டா முடிக்கணும்டி! நான் முடிக்கல? அதோ பாரு!" என்று பின்னாலிருந்த படத்தைக் காட்டினார். "பாதியில விடுறவங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. சம்மதமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பெட்டியக் கட்டிட்டு வந்து சேரு!"

"தம்பி, அவ அழறாடா..." என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு அக்கா! உனக்கு அந்த ஊர் நடைமுறை தெரியாது. எங்க அந்த ஆபீஸர்? அவங்ககிட்ட போனைக் குடு. நான் பேசுற விதமா பேசுறேன்!"

வாண்டு போனைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. கவுன்ட்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். ஒரு நொடி நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, ஏழு! நீங்களா?"

வாண்டுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையில் மாமாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. உயர்த்திய விரல் உயர்த்தியபடியே நின்றது.

"எப்படி இருக்கீங்க ஏழு? தலைமுடிதான் கொஞ்சம் போயிடுச்சு. முகம் அப்படியே இருக்கு! எத்தனை வருஷமாச்சு, அந்தக் கடைசி..."

"சம்மதம்!" என்றார் மாமா.

"என்ன?"

"முழுச் சம்மதம் மேடம். மனப்பூர்வமா. மரவேலை ரொம்ப நல்ல படிப்பு. எழுதிக்குங்க. சிக்னல் சரியில்ல, வைக்கிறேன்!"

"தம்பி, என்னடா இது, இப்பத்தானே..." என்று அம்மாவின் குரல் கேட்டது. திரை இருண்டது.

கவுன்ட்டர் அம்மா நிதானமாக மூன்று முத்திரை குத்தினார். மனு போய்ச் சேர்ந்தது என்று அச்சு இயந்திரம் ஒரு தாளை நீட்டியது. கடிகாரத்தில் நான்கடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. வாண்டு அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விட்டால் பறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"மேடம், எங்க மாமாவை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? எதுக்கு ஏழுன்னு கூப்பிட்டீங்க? அவரு இங்க என்ன பட்டம் வாங்கினாரு?"

"பட்டமா?" கவுன்ட்டர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ஒரே வருஷத்துல ஏழு கோர்ஸ் மாறினாரும்மா. அப்ப அதைத் தடுக்க எங்ககிட்ட விதி எதுவும் இல்ல. அவரை வழியனுப்பின மறு வாரமே உக்காந்து அந்த ஏழாம் விதியை எழுதினோம்."

வாண்டு வாயைப் பிளந்தபடி பின்னால் சாய்ந்தாள். டக்.

"பார்த்து உக்காரும்மா" என்றார் கவுன்ட்டர் அம்மா, மேசை இழுப்பறையைப் பூட்டியபடி. "அவர் ஏழாவதா சேர்ந்தது மரவேலை, நீ இருபத்தெட்டு நாளா ஆடுது ஆடுதுன்னு சொல்றியே, அந்த ஸ்டூலைச் செஞ்சதே அவர்தான்!"