பின் சீட்டைக் கழற்றியவர்

இந்த வருஷம் என்ன ஆனாலும் சரி, பழைய கார் கண்காட்சிக்கு மாமியாரை ஏற்றிக்கொண்டு போவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தீர்மானித்துவிட்டார். அதை மாமியாரிடம் நேரில் சொல்லுமளவுக்கு அவருக்கு நெஞ்சழுத்தம் கிடையாது. அதனால் காரின் பின் சீட்டைக் கழற்றிவிட்டார்.

கார் ஐம்பது வயசான ஜப்பான் கார். இரண்டே கதவு. முன் சக்கரங்களுக்கு மேலே, கைக்கெட்டாத தூரத்தில், கொம்பு மாதிரி இரண்டு பக்கக் கண்ணாடி. அது அந்தக் காலத்து ஜப்பான்காரன் வைத்தது. மற்றதெல்லாம் இவர் வைத்தது. முன்னால் தரையை உரசுகிற அகலத் தகடு. பின்னால் புகைக்குழாய் இரண்டும் கூரைக்கு மேலே ஆறடி எழும்பி நிற்கும். ஜப்பானில் இப்படிக்கூடச் செய்கிறவர்கள் உண்டாம். தெருவில் யாரும் கேட்பதில்லை, இவராகவே நிறுத்திவைத்துச் சொல்வார்.

ஆறு வருஷமாகக் கண்காட்சிக் கோப்பைக்கு ஏங்குகிறார். கடை அலமாரியில் அதற்கு இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது. போன வருஷம் கைக்கு எட்டியதுதான். நடுவர்கள் "பிரமாதம்" என்று வாயெடுத்தார்கள். மாமியார் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கூட்டத்துக்கு நடுவே நின்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"குழாய் உயரம், தப்பு. சக்கரம் வெளியே நீட்டிட்டிருக்கு, தப்பு. ஹாரன் அடிங்க மாப்பிள்ளை, கேட்போம். ஐயய்யோ, தப்பு."

மொத்தம் பதினோரு தப்பு. கோப்பை ஒரு பல் டாக்டருக்குப் போய்விட்டது. இவருக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பின் சீட்டைக் காணோம்?"

"கழட்டிட்டேன். எடைம்மா, எடை! போட்டி வண்டின்னா சாம்பல் கிண்ணத்தைக்கூட விட்டுவைக்க மாட்டாங்க."

"அப்போ அம்மா?"

"அதுதான் எனக்கும் வருத்தமா இருக்கு." முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார்.

"ஆக, எடைதான் முக்கியம்?"

"எடைதான் எல்லாம்."

"வேண்டாத சுமை எதுவா இருந்தாலும் இறக்கிடணும்?"

"தயவு தாட்சண்யமே கூடாது."

மனைவி மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது இதுவே முதல் தடவை. அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? விசிலடித்துக்கொண்டே பானட்டைத் துடைத்தார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு எடை மெஷின் இருந்தது. மனைவிக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. நாள் முழுக்க எடை போடுகிற கை.

"ஏறுங்க."

"நானா? எதுக்கு?"

"எடைதான் எல்லாம்னீங்களே."

ஏறினார். தொண்ணூற்று நாலு. மாமியார் ஏறினார். நாற்பத்தொன்று. மனைவி ஐம்பத்தாறு.

"சீட்டு ரெண்டு, ஆளு மூணு," என்றாள் மனைவி, பார்சல் வாங்குகிற அதே குரலில். "அம்மாவும் நானும் சேர்ந்தா தொண்ணூத்தி ஏழு. நீங்க யார்கூட ஏறினாலும் நூத்தி முப்பதைத் தாண்டுது. எதை இறக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். தயவு தாட்சண்யம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

கடைசியாக ஒரு துரும்பு கிடைத்தது. "சரி, வண்டியை யார் ஓட்டறது?"

மாமியார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டிருந்தார். "எத்தனை ஆயிரம் பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் வச்சிருக்கேன் மாப்பிள்ளை. சாவியைக் குடுங்க."

கொடுத்தார். வேறென்ன செய்வார்?

"ஸ்டெப்னியையும் இறக்கிட்டேன்," என்று மனைவி ஜன்னல் வழியாகச் சொன்னாள். "பதினாறு கிலோ. மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க. திரும்பி வரும்போது பஞ்சரானா வேணும்."

ஆறடிக் குழாய் இரண்டும் அவர் தலைக்கு மேலே புகையைக் கக்கிவிட்டுப் போயின. வண்டி நிஜமாகவே லேசாகத்தான் ஓடியது. பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஸ்டெப்னியைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். வந்த பஸ்ஸில் சரியான கூட்டம். கண்டக்டர் அவரைப் பார்த்தார், ஸ்டெப்னியைப் பார்த்தார், உள்ளே கையைக் காட்டினார்.

பின் சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது.