சத்தம் போடாத வண்டி

செல்வத்துக்கு அவசரமாக ஒரு சத்தமில்லாத வண்டி தேவைப்பட்டது. காரணம் வெளியே சொல்லக்கூடியதல்ல.

2008 ஏப்ரல் கடைசி. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. படகு டிரைவர் செல்வத்துக்கு நாற்பத்தைந்து நாள் வீட்டுச் சிறை. கல்மண்டபத்தில், கூட்டாளி மஜீதின் பட்டறைக்குப் பின்னால், ராத்திரிச் சீட்டாட்டம் காத்திருந்தது. நடக்க அவனுக்குச் சோம்பல். ஆனால் பழைய மொபெட்டை உதைத்தால் தெருவே எழுந்து உட்காரும். முதலில், மீன் விற்கும் அவன் பெண்டாட்டி செல்லம்மா எழுந்து வருவாள்.

"இன்னொரு தபா சீட்டத் தொட்ட, மார்க்கெட்ல என் பக்கத்துல குந்தி மீன் ஆயணும்" என்று ஏற்கனவே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்பவள். படகு ஓட்டிய கை செதில் தேய்ப்பதா? நினைத்தாலே அவனுக்கு வியர்த்தது.

திட்டம் போட்டான். முதலில் பெரிதாகக் கேட்டால், அடுத்துக் கேட்பது சின்னதாகத் தெரியும். பேப்பரில் வந்த கார் கண்காட்சிப் படத்தை நீட்டினான். முட்டைக்கு நாலு சக்கரம் மாட்டியது போல ஒரு கார்.

"இன்னாயா இது?"

"கரண்ட் காரு மே. பெட்ரோலே வாணாம்."

"கதவு எங்க கீது?"

"மேல தொறக்கும்."

"மீன் கூடைய எங்க வெக்கறது?"

"இது சும்மா மாதிரிக்கு செஞ்சது மே. இன்னும் விக்கல."

"விக்காத வண்டிய எதுக்குயா என்கிட்ட காட்டுற?"

செல்லம்மாவின் கண் சுருங்கியது. இதுதான் சமயம்.

"சரி, வுடு. கரண்ட் ஸ்கூட்டரு கீது. பொகை இல்லன்னு கவர்மென்டே சலுகை தருது. சின்ன வண்டிக்கு ரோட்டு வரி இல்ல, நம்பர் இல்ல, லைசென்ஸ் கூட வாணாம்."

"யாருக்கு வாணாம்?"

"யாருக்குமே."

"உனுக்கு இதுல இன்னா லாபம்?"

"எனுக்கா? ஊருக்கு நல்லதாச்சே மே. எண்ணூர் பக்கம் பாரு, எவ்ளோ பொகை!"

செல்வம் ஊரைப் பற்றிக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. செல்லம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்கு" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்ததே இல்லை. செல்வம் உஷாரானான். மூன்று நாள் அவளையே கவனித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. நாலாம் நாள் மொபெட் போய் ஸ்கூட்டர் வந்தது.

மறுநாள் காலை கூடையை முன்னால் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செல்லம்மா வண்டியில் ஏறினாள்.

"இன்னாமே, உனுக்கு ஓட்டத் தெரியாதே!"

"மார்க்கெட்டாண்ட, பக்கத்தூட்டு அஜீசா வண்டில மூணு நாளா பழகிக்கினேன். லைசென்ஸ்தான் வாணாமே! இனிமே நான் ஷேர் ஆட்டோல தொங்க மாட்டேன்."

போனால் போகட்டும். அவள் மீன் விற்கப் போய்விட்டால் வீட்டில் கேட்க ஆளில்லை. சோம்பலை விட்டு, பகல் ஆட்டத்துக்கு நடந்தே கல்மண்டபம் போனான்.

ஆட்டத்தில் உட்கார்ந்தாலும் காது ரோட்டிலேயே இருந்தது. இருபது வருஷம் இஞ்சின் பக்கத்தில் ஊறிய காது. ஆட்டோவா, லாரியா என்று திரும்பாமலே சொல்லிவிடுவான். எந்தச் சத்தம் வந்து நின்றாலும் சீட்டு இடுப்புக்குள் போய்விடும். ஒரு மணி நேரமாக எதுவும் வந்து நிற்கவில்லை. நிம்மதியாக இருந்தான்.

புதிதாக எடுத்ததோடு கையில் பதினான்கு சீட்டு. எதைப் போடுவது? தலையைச் சொறிந்தான்.

"அந்த ராணியக் கீழ போடு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நல்ல யோசனை. போட்டான். எதிரே மஜீது மட்டும் ஏனோ சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்றான். செல்வம் திரும்பினான். ஒரு முழ தூரத்தில், ஸ்கூட்டரில் காலூன்றி உட்கார்ந்திருந்தாள் செல்லம்மா.

"ஆட்டம் முடிஞ்சா பின்னாடி குந்து. மார்க்கெட்ல நாலு கிலோ சங்கரா ஆயாம கீது."