பல் டாக்டரின் தாவும் முடி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று வழக்கப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால், "அப்புறம் பேசறேன் மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. விஷயம் இதுதான். ஸ்டூடியோவுக்கென்று நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரையும், அதில் ஏற்றிக் கொடுத்த படம் திருத்துகிற சாஃப்ட்வேரையும் உடனே வந்து எடுத்துக்கொண்டு போகவும்.

காரணம் சொல்கிறேன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் உங்கள் அத்தையின் பல்செட் வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகப் போய்விட்டது. எதிர்வரிசையில் இருக்கிற பல் டாக்டரிடம் போனோம். அளவெடுத்தார், புதுசு தயாராகியும் விட்டது, அவருடைய மேஜை டிராயரில்தான் இருக்கிறது. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் புதுக் கிளினிக் திறக்கிறார், வாசலில் ஆளுயரத்துக்கு அவர் படம் மாட்ட வேண்டுமாம், அந்தப் படத்தை நான்தான் செய்து தர வேண்டுமாம். டாக்டர் தலையைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அங்கே ஒன்றுமில்லை. "முப்பது வயசுல எனக்கு இருந்த முடி அப்படியே வேணும்" என்று ஒரு பழைய படத்தைக் கொடுத்துவிட்டு, "முடி வரட்டும், பல் தர்றேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பல்செட் உடைந்த அன்று முதல் உங்கள் அத்தை வாயைத் திறப்பதில்லை. பல் இல்லாத வாயை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம். எல்லாம் சைகைதான். உடைந்த பல்செட்டை மட்டும், புதுசோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், தொலைத்துவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால், ஒரு கனமான கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று கீபோர்டின் இடது ஓரத்தில், நான் தொடாத பட்டன்களின் மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது வேலைக்கு வருகிறேன். மூன்று படத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று முடியுள்ள டாக்டர், இன்னொன்று முடியில்லாத டாக்டர், மூன்றாவது பாஸ்போர்ட்டுக்காக வந்த பத்து மாதக் குழந்தை. முடியுள்ள டாக்டரின் நெற்றியைப் பார்க்கலாம் என்று அந்தப் படத்தைப் பிடித்து இழுத்தால் மூன்று படமும் சேர்ந்து நகர்கிறது. ஒன்றைப் பெரிதாக்கினால் மூன்றும் பெரிதாகிறது. வழுக்கையை நடுவில் நிறுத்திவிட்டு, பக்கத்துப் படத்துக்குப் போய் ஒரு கொத்து முடியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் இங்கே மண்டை போய்த் தாடை வந்து நிற்கிறது. அவசரத்தில் வைத்துவிடுகிறேன். முடியும் அடர்த்தியாக விழாமல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக விழுகிறது. ஒருநாள் டாக்டருக்குக் காதிலிருந்து காது வரை ஒரே புருவம். இன்னொரு நாள் முடி முழுக்கக் குழந்தையின் மேல் உதட்டுக்குப் போய்விட்டது, அதைக் கவனிக்காமல் பிரிண்ட் போட்டும் கொடுத்துவிட்டேன். மீசையோடு இருந்த மகனின் படத்தைக் குழந்தையின் அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பின்னால் நின்ற அவளுடைய மாமனார், "நான் அப்பவே சொன்னேன்ல? அச்சு அசல் நான்தான்!" என்று கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். அணைத்துப் போட்டேன், முடி தாவியது. எல்லாப் படங்களையும் சேர்த்து நகர்த்தச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள் என்றீர்கள், அங்கே டிக்கே இல்லை, எடுப்பதற்காக நானே ஒன்றைப் போட்டு எடுத்தேன். பழைய நிலைக்குக் கொண்டு போங்கள் என்றீர்கள், கொண்டுபோனதில் நான் வழக்கமாக வைத்திருந்த கருவிகளெல்லாம் காணாமல் போய், அவற்றைத் தேடவே அரை நாள் போயிற்று. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அந்நிய மனிதர் முன்னால் உங்கள் அத்தையின் பல்லை வைப்பது மரியாதையில்லை என்று குப்பியை டிராயரில் மறைத்தேன். அவர் உட்கார்ந்தார், மூன்று படமும் பரம சாதுவாகத் தனித்தனியாக நகர்ந்தன. "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. நீங்கதான் டென்ஷன் ஆகறீங்க" என்று போய்விட்டார். குப்பியை எடுத்து வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன், மறுபடியும் தாவியது. இரண்டு தடவை இப்படியே நடந்தது. ஆக இந்த மெஷின் வெளியாட்கள் முன்னால் ஒழுங்காக நடந்துகொள்கிறது, என்னைக் கண்டால்தான் ஆடுகிறது என்று புரிந்துகொண்டேன். அதனால் நேற்றுச் சட்டையை மாற்றி, தொப்பி போட்டு, பின்பக்கமாக வெளியே போய், "சார், யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தேன். அது ஏமாறவில்லை. உள்கதவில் நின்ற உங்கள் அத்தை கரண்டியால் மேஜையைக் காட்டிக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைத் தூக்கி எறியச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டூடியோ மேஜையை யாரும் தொடக் கூடாது என்பது முப்பது வருடச் சட்டம். அதனால் அவளும் கிட்டே வரவில்லை.

யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு காரணம்தான் மிச்சம். நீங்கள். சாஃப்ட்வேரை ஏற்றிய அன்று, "நான் அங்க இருந்தே உங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்குவேன் மாமா" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு என் படங்களைத் தள்ளி விளையாடுகிறீர்கள். கல்யாண ஆல்பத்தில் உங்கள் காதுகளைக் கேட்காமல் கொஞ்சம் சின்னதாக்கினேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இதுவா பழி? மாப்பிள்ளை, பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. கொஞ்சம் அமைதி கிடைக்காதா என்று முப்பத்தொரு வருடமாகப் புலம்பியவன் நான். கிடைத்ததும்தான் தெரிகிறது, அது எனக்கு ஆகாது. சாப்பிடும்போது திட்ட ஆளில்லாமல் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் கையை எடுக்காவிட்டால் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். இது உறுதி.

மகளுக்கு என் பரிபூரண ஆசிகள். உங்களுக்கும் ஆசிகள், கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
மிகுந்த வருத்தத்துடன்,
உங்கள் மாமனார்.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். பசை காயும் வரை கவரின் மேல் கனமாக எதையாவது வைக்கலாம் என்று அந்தப் பல்செட் குப்பியைக் கையில் எடுத்தேன். உள்கதவிலிருந்து, "அதைத் திரும்ப அங்க வெக்காதீங்க!" என்று ஒரு கத்தல். பாதி காற்று, பாதி குரல், ஆனால் உங்கள் அத்தையின் குரல்தான். சட்டத்தை மீறி உள்ளே வந்து, குப்பி உட்கார்ந்திருந்த ஓரத்துப் பட்டனை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, படத்தை இழுக்கச் சொன்னாள். மூன்றும் நகர்ந்தன. விரலை எடுத்தாள். ஒன்றுதான் நகர்ந்தது. அதற்கப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு, வாயைக்கூட மூடாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முதல் நாளே அவளுக்குத் தெரியுமாம். ஆகவே உங்கள் மேல் சொன்ன குற்றங்கள் அனைத்தும் வாபஸ். ஆசிகளும் முழுசாக. டாக்டருக்குக் கால் மணி நேரத்தில் முடி முளைத்துவிட்டது, நாளைக் காலை பல் வருகிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது, பன்னிரண்டு நாள் சேர்த்து வைத்ததை உங்கள் அத்தை மூன்று நாளாக இறக்கிக்கொண்டிருப்பாள். அதனால் மேலே சொன்னபடி உடனே புறப்பட்டு வரவும். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். என்னை எடுத்துக்கொண்டு போங்கள்.