நிழல் விழக்கூடாது

“ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் சார் மானியம்,” என்றார் சோலார் பேனல் மாட்டுபவர்.

தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தினார். “ரெண்டு பேருன்னா?”

“நீங்களும், பக்கத்து வீட்டு உங்க தம்பியும். வீடு ரெண்டுன்னாலும் மொட்டைமாடி ஒண்ணுதானே? நாளைக்குக் கடைசி நாள்.”

பேனல் போட்டால் பாதிச் செலவை அரசாங்கமே தருகிறது. மோட்டார் வைத்த தையல் மெஷினுக்கு வரும் கரண்ட் பில்லைப் பார்த்தே தையல்காரருக்குப் பாதித் தலை வழுக்கையாகியிருந்தது. ஆனால், தம்பியோடு பேசி நாலு வருஷம் ஆகிறதே.

காரணம் ஒரு பேன்ட். பஸ் டிரைவரான தம்பி, விபத்தே இல்லாமல் ஓட்டியதற்குப் பரிசு வாங்க, அண்ணன் தைத்த புது பேன்டோடு மேடையேறினார். குனிந்தார். கிழிந்தது.

“தையல் சரியில்லை” என்றார் தம்பி. “தொப்பை சரியில்லை” என்றார் அண்ணன். அடுத்த வாரமே மாடிக்கு நடுவே மார்பளவுச் சுவர் எழும்பிவிட்டது. அவர்கள் மனைவிமாரான ஓரகத்திகளும் சளைத்தவர்கள் இல்லை. ஒருத்தி துணி உலர்த்த வந்தால் இன்னொருத்தி ஜன்னலைப் படாரென்று சாத்துவாள்.

“நான் பேசமாட்டேன். நீங்களே சொல்லுங்க,” என்று மாடியேறினார் தையல்காரர்.

இந்தப் பக்கம் அண்ணன். அந்தப் பக்கம் தம்பி. சுவர்மேல் சோலார்காரர்.

“அந்த வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க,” என்றார் அண்ணன்.

“போடச் சொல்றார்.”

“அந்த வீட்டுக்காரர்கிட்ட பேனா இருக்கான்னு கேளுங்க,” என்றார் தம்பி.

“பேனா கேக்குறார்.”

“இவ்வளவு பெரிய பஸ் ஓட்டுறவருக்கு ஒரு பேனா இல்லையாமா?”

“அவர் குடுக்கிறது எதுவும் பாதியில விட்டுடும். ரெண்டா குடுக்கச் சொல்லுங்க.”

ஒருவழியாகக் கையெழுத்து விழுந்தது. சோலார்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“சேர்ந்து நிக்கிற போட்டோவும் வேணும் சார்.”

நின்றார்கள். அண்ணன் கிழக்கே பார்த்தார், தம்பி மேற்கே. நடுவில் தாராளமாக ஒரு பஸ் போகலாம்.

“இதுல குடும்பக் களையே இல்லையே,” என்று மூன்று முறை எடுத்தார் சோலார்காரர். பிறகு குனிந்து தரையைப் பார்த்தவர், “அடடா, பேனல் வைக்கிற இடத்துல சுவரோட நிழல் விழுது. நிழல் விழக்கூடாது. சுவரை எடுத்தாகணும்,” என்றார்.

“கொத்தனார்?”

“நாளைக்குக் கடைசி நாள் சார்.”

அண்ணன் கடப்பாறை எடுத்தார். தம்பி சுத்தியல் எடுத்தார். அந்த நேரம் பார்த்து சோலார்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சைகையிலேயே அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாதிச் சுவர் இறங்கியது. செங்கல்லை எடுக்கத் தம்பி குனிந்தார். தையல்காரரின் கை அப்படியே நின்றது. அதே பேன்ட். பின்பக்கத்தில், பழுப்புத் துணியில் கறுப்பு நூல்.

“யாருடா போட்டது இந்தத் தையல்?”

நாலு வருஷத்தில் முதல் ‘டா’.

“நான்தான்,” என்றார் தம்பி, நிமிராமல்.

“பூரான் ஊர்ந்த மாதிரி இருக்கு. ஏதாவது ஒரு கடையில குடுத்திருக்கலாமில்ல?”

“நீ தைச்சதுல இன்னொருத்தன் ஊசி வைக்கிறதா?”

தையல்காரர் கடப்பாறையைக் கீழே வைத்தார். கண்ணில் செங்கல் தூசி விழுந்ததுபோலத் துடைத்துக்கொண்டார்.

“கழட்டிக் குடு. ஒரு இன்ச் விட்டுத் தைச்சுத் தர்றேன்.”

“ரெண்டு இன்ச்சா விடுண்ணே. தொப்பைதான் சரியில்லை.”

“தையலும்தான்டா.”

அரை மணி நேரம் கழித்து, இடுப்பில் துண்டோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அண்ணன் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். மின்வாரிய ஊழியர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு புது மீட்டர்.

“சோலார் மீட்டர் மாட்டணும் சார்.”

“நாங்க இன்னும் மனுவே குடுக்கலையே,” என்று இருவரும் ஒரே குரலில் சொல்லி, சோலார்காரர் விட்டுப்போன கையெழுத்துத் தாளை நீட்டினார்கள்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதெல்லாம் யார் சார் கேட்டா? உங்க ரெண்டு வீட்டு மனுவும் தனித்தனியா போன மாசமே பாஸ் ஆயிடுச்சே. உங்க வீட்டம்மாங்க ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல வந்து, சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டே ஆர்டரை வாங்கிட்டுப் போனாங்களே.”