முக்காலி அண்ணாச்சியும் பெரிய பெட்டியும்

சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் விற்கப் போன இடத்திலெல்லாம் "வாங்க வேண்டாம்" என்று சொல்லியே பிழைப்பு நடத்திய ஒரே மனிதர் முக்காலி அண்ணாச்சிதான். அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

கம்ப்யூட்டர் வேண்டும் என்று கூப்பிட்டால், மொபெட்டின் முன்னால் ஒரு மர முக்காலியை வைத்துக்கொண்டு வருவார். வேலை செய்கிறவருக்குப் பின்னால் அதைப் போட்டு உட்கார்ந்தால், ஆபீஸ் பூட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். திரை எப்போது நின்றது, நாம் எப்போது பெருமூச்சு விட்டோம், எல்லாம் நோட்டில் ஏறும். டீ கொடுத்தால் குடிப்பார். பேச்சுக் கொடுத்தால் பேசமாட்டார். பூ மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய கம்ப்யூட்டராகக் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி ஒருநாள் முழுக்க மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு, "ஒம்ம கால்குலேட்டருக்கு பேட்டரி மாத்தும், போதும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பேட்டரியையும் அவரே வாங்கிப் போட்டதாகக் கேள்வி.

அப்போது நான் ஒரு இன்ஜினீயர் ஆபீசில் வீட்டுப் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். கடையநல்லூர்க்காரர்கள் பலர் வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுவார்கள். கட்டப்போகும் வீட்டை போட்டோ மாதிரி படமாக்கி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். காலையில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் சாயங்காலம்வரை அது நிற்காமல் ஓட வேண்டும். எங்கள் கிழட்டுப் பெட்டியோ பாதி வீட்டில் படுத்துவிடும். திரும்ப வாசற்படியிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரே வீடு மூன்று தடவை நின்றதும் இன்ஜினீயர் சார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஒனக்குக் கை மெதுவும்மா. இந்த மாசத்தோட வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

புது ஆளோடு புதுக் கம்ப்யூட்டரும் வரட்டும் என்று சார் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். சாரின் மச்சினர் ஏற்கெனவே 'பெர்ஃபார்மன்ஸ் டெஸ்க்டாப்' ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போட்ட மாதிரி சீரியல் லைட். அதன் படத்தை அண்ணாச்சி திரும்பியும் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு நாள் உட்கார்ந்தார். என் வேலைக்குத்தான் முடிவுரை எழுதுகிறார் என்று நினைத்தேன். முதுகெல்லாம் வியர்த்தது.

மூன்றாம் நாள் நோட்டைத் திறந்தார்.

"புள்ளைக்குக் கை மெதுவில்ல சார், பெட்டிதான் மெது. மச்சான் சொல்லுத பெட்டி வெரசா ஓடும், வெலையும் கம்மி. அதைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனா நாள் பூரா ஒரே மூச்சா ஓடுத வேலைக்குன்னே செஞ்ச பெட்டி ஒர்க்ஸ்டேஷன்தான். மெமரில ஒரு பிசகு வந்தாலும் தானே திருத்திக்கிட்டுப் போவும்."

பில் அடிக்கிற மேசைக்குப் பழையதே போதும், ஒன்றும் வாங்க வேண்டாம் என்று வழக்கமான வாக்கியத்தையும் சொல்லி முடித்தார்.

ஒர்க்ஸ்டேஷன் வந்தது. குங்குமம் வைத்து, சூடம் காட்டி, புளியங்குடி எலுமிச்சம்பழம் சுற்றி, நேராக சார் மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். பெரிய பெட்டி பெரியவர் மேசைக்கு என்பது எங்கள் ஊர் ஆபீஸ்களில் எழுதாத சட்டம். எனக்குப் பழைய பெட்டியேதான். மாசம் முடிய நான்கு நாள் இருந்தது.

அண்ணாச்சி சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் முக்காலியைக் கொண்டுவந்து சாருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்த சார், முடியாமல் திரும்பினார்.

"என்னவே எழுதுதீரு?"

அண்ணாச்சி வாசித்தார். "பத்தே கால், ராசிபலன். பதினொண்ணு, மச்சான் அனுப்புன ஆட்டுக்குட்டி வீடியோ, ரெண்டு தடவ. பதினொண்ணரை, கண்ண மூடி யோசனை. கொறட்டையோட." பக்கத்தைத் திருப்பினார். "பெட்டிக்கு இன்னும் வேர்க்கவே இல்ல சார். இன்னும் ரெண்டு நாள் உக்காந்து பாக்கட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். தூக்கி அந்தப் புள்ள மேசையில வையும்."

மறுநாள் காலையில் கடையநல்லூர் வீட்டை ஏற்றினேன். வாசற்படியில் தொடங்கி மொட்டைமாடி வளைவுவரை எங்கும் நிற்காமல் சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தது. சார் பார்த்துவிட்டு "ம்" என்றார். வேறு ஆள் என்ற பேச்சு அதோடு நின்றது.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஆபீஸ் இருக்கிறது. இரண்டாவது பெட்டி வாங்கலாமா என்று கேட்டு ஒரு வருஷமாகிறது. அண்ணாச்சியும் மாதம் ஒருமுறை வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து, "இப்போ வேண்டாம் தாயி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். பார்க்க மனசு கேட்கவில்லை. என் சோற்றைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷர்.

அவருக்கென்றே ஒரு மெத்தை நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு முக்காலியில்தான் உட்காருகிறார். அவர் மாறுவதாக இல்லை. நானும் நாற்காலியை எடுப்பதாக இல்லை.