அலை ஏற்றிய விளக்கு

வங்காள விரிகுடா இத்தனை காலமும் வெட்டியாக ஆடிக்கொண்டிருக்கிறதே என்று மனப்பூர்வமாக வருத்தப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ‘கரண்டு’தான். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது பழக்கம். அவருடைய சொந்தப் பெயர் மனைவி கஸ்தூரிக்கே மறந்துபோயிருந்தது.

“சும்மா கெடந்து மோதுது பாரு சார். இன்னா பலம்! ஒரு பல்பு எரிய வெக்கக் கூடாதா?” என்பார். கடல் அடங்கணும்னு ஊரே அம்மனைக் கும்பிடும்போது, இவர் மட்டும் “நல்லா பெரிய அலையா அனுப்பு தாயே!” என்று சத்தமாக வேண்டுவார். பெண்கள் அடிக்க வந்துவிடுவார்கள்.

ஒருநாள் நிஜமாகவே செய்துவிட்டார். கடலில் ஒரு பிளாஸ்டிக் பேரல் மிதந்தது. அதில் கட்டிய கயிறு, கரையில் நட்ட சைக்கிள் சக்கரத்தைச் சுற்றியது. சக்கரத்தோடு ஒரு டைனமோ. அலை தூக்கினால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. டைனமோவை உப்பு தின்றது. போதாததற்கு, ஊர் கூடிக் கரைவலை இழுக்கும் இடத்தில் கயிறு கிடந்ததால் வலையும் கிழிந்தது.

ஊர்த் தலைவர் கொதித்துப்போனார். “நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எரியணும். இல்லேன்னா கயித்த அறுத்துடுவோம். அதோட இந்தப் பேச்சையே விட்டுடணும்.”

“நானே அறுக்கறேன் மாமா, தொல்லை ஒழியட்டும்” என்றார் கஸ்தூரி. சொன்னபடி மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், தலைவர் பக்கத்தில் மீன் அரியும் கத்தியோடு வந்து நின்றார்.

கடலோ தூக்கக் கலக்கத்தில் இருந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகக் கலந்து கிடந்தன. கயிறு தொய்ந்திருந்தது. ராத்திரி முழுக்க டைனமோவின் உப்பைச் சுரண்டி எண்ணெய் விட்டிருந்த கரண்டு, பேரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கிருந்தோ ஒரு நீண்ட அலை மெல்ல வந்து பேரலைத் தூக்கியது. பல்பு எரிந்தது! அலை இறங்கியதும் அணைந்தது. அடுத்த அலைக்கு மறுபடி எரிந்தது.

“இது எரியுதா, அணையுதா?” என்று கேட்டார் தலைவர்.

“ரெண்டும்தான்” என்றார் கரண்டு, பயந்துகொண்டே.

“அணைஞ்சா சேர்த்தி இல்ல. அறு கஸ்தூரி.”

கஸ்தூரி கத்தியை மணலில் போட்டார். “இன்னா மாமா அவசரம்? அலை மூச்சு வாங்குது. நீ மூச்சு வாங்காமயா பேசற? கயித்த அந்தாண்ட தள்ளி நட்டுக்கறோம், போ.”

தலைவர் சிரித்துவிட்டார். “தள்ளி நட்டுக்கோங்க” என்று நடையைக் கட்டினார்.

கஸ்தூரி மணலில் உட்கார்ந்தார். பல்பு எரிந்தபோதெல்லாம் அவர் முகம் தெரிந்தது. கரண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தங்கியிருந்த பொன்னேரிக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போயே போய்விட்டது. போகட்டும் என்று நானும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.